சினத்தை வென்ற அண்ணல்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

காலையில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் நமக்குக் கோபம் வருகிறது. தம்பி நம் கணக்கு நோட்டில் கிறுக்கிவிட்டால் கோபம் வருகிறது. அவிநாசிப் பேருந்து நிறுத்தத்தில் நிற்காமல் போய்விட்டால் வருகிற கோபம், பள்ளி மணி அடித்த பிறகும் ஆறுவதில்லை. பெரிய துன்பம் வரும்போது நாம் ஜெபிக்கிறோம். பிறரும் வந்து ஆறுதல் சொல்கிறார்கள். இந்தச் சின்னஞ்சிறு தொல்லைகள் வரும்போது நாம் ஜெபிப்பதும் இல்லை. யாரும் ஆறுதல் சொல்வதும் இல்லை. சட்டென்று ஒரு சுடுசொல்லைச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல் போய் விழுவதோ பெரும்பாலும் நம்மை மிகவும் நேசிப்பவர்கள் மேல்தான்.

இரவு வெகுநேரம் வரை பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிவிட்டு வீடு திரும்புகிறார் அம்மா. களைப்பில் நம் சீருடையைத் தேய்த்து வைக்க மறந்துபோகிறார். காலையில் நாம் கத்துகிறோம். சாப்பாட்டுத் தூக்கை எடுக்காமலே புறப்பட்டு விடுகிறோம். மாலையில் வந்து பார்த்தால், மறுநாளைக்கான சீருடை மடிப்புக் கலையாமல் நாற்காலியின் மேல் இருக்கிறது. அம்மா ஒன்றுமே சொல்வதில்லை. அப்போது நம் மனம் படும் பாடு நமக்குத்தான் தெரியும். நம்மில் பலருக்கு இந்த அனுபவம் உண்டு.

பொறுமைக்கு எடுத்துக்காட்டு யார் என்று கேட்டால், காந்தியடிகள் என்று உடனே விடை சொல்கிறோம். அவர் மகாத்மா, அவரால் முடியும், நம்மால் ஆகுமா என்று சொல்லித் தப்பித்தும் கொள்கிறோம். ஆனால் 'சத்திய சோதனை' என்ற பெயரில் அவர் எழுதிய சுயசரிதையைப் படித்தால் அப்படித் தப்பிக்க முடியாது. அவரும் நம்மைப்போலவே சினம் கொண்டவர். சினத்தால் தவறு செய்து வெட்கப்பட்டவர். அதைச் சிறிது சிறிதாக வென்ற வரலாற்றைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

தந்தையின் கண்ணீர்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் குஜராத்தில் உள்ள போர்பந்தரில் பிறந்தார். தந்தை கரம்சந்த் காந்தி திவான் பதவி வகித்தவர், நேர்மையும் துணிவும் உள்ளவர், ஆனால் முன்கோபி. தாயார் புத்லிபாய் நோன்புகளிலும் வழிபாட்டிலும் ஆழ்ந்த பற்றுள்ளவர்.

மோகன்தாஸுக்கு அப்போது வயது 15. எங்கள் வயதுதான். அவருடைய அண்ணன் ஒருவருக்குச் சுமார் 25 ரூபாய் கடன் ஏற்பட்டிருந்தது. அந்தக் கடனை அடைப்பதற்காக, அண்ணன் கையில் அணிந்திருந்த தங்கக் காப்பிலிருந்து ஒரு சிறு துண்டை மோகன்தாஸ் வெட்டி எடுத்தார். கடன் தீர்ந்தது, மனம் தீரவில்லை. நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி, தமக்குத் தண்டனை தரும்படியும் கேட்டு, நோயுற்றுப் படுத்திருந்த தந்தையிடம் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

முன்கோபியான தந்தை சீறுவார், கடுஞ்சொல் சொல்வார், தலையில் அடித்துக்கொள்வார் என்று அவர் எதிர்பார்த்தார். ஆனால் தந்தை எழுந்து உட்கார்ந்து தாளைப் படித்தார். கண்ணீர் வழிந்து தாளை நனைத்தது. சிறிது நேரம் கண்களை மூடியிருந்தார். பிறகு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். அடி விழுந்திருந்தால் மோகன்தாஸ் அதைச் சில நாளில் மறந்திருக்கலாம். அந்த அமைதியை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. கோபிக்க எல்லா உரிமையும் உள்ள ஒருவர் கோபிக்காமல் இருந்தால் அதற்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை அன்று அவர் கண்டார். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு எழும்போது நம் உள்ளம் லேசாவதைப்போல அவர் உள்ளமும் அன்று லேசாயிற்று.

1888இல் சட்டம் படிக்க லண்டன் சென்றார். அங்கே ஒரு கிறிஸ்தவ நண்பரின் தூண்டுதலால் விவிலியத்தைப் படித்தார். இயேசு பெருமானின் மலைப்பொழிவு அவர் நெஞ்சில் நேராகச் சென்று தங்கியது. தீமை செய்தவனுக்குத் தீமை செய்யாதே என்னும் போதனை அவருக்குப் புதியதன்று; சிறுவயதில் கற்ற ஒரு குஜராத்திச் செய்யுளும் அதையே சொல்லியிருந்தது. ஆனால் படித்தது வேறு, வாழ்வது வேறு. அதைப் பழகும் பள்ளிக்கூடமாக அவருக்கு அமைந்தது தென்னாப்பிரிக்கா.

விழுங்கிய அவமானமும் விழுங்காத அவமானமும்

1893ஆம் ஆண்டு ஒரு வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும், நிறம் காரணமாகப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் ரெயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டு, குளிரில் நடுங்கியபடி அவர் இரவைக் கழித்த செய்தியைப் பாடநூலில் படித்திருக்கிறோம். அதற்கு அடுத்து நடந்தது பலருக்குத் தெரியாது.

சார்லஸ்டவுனிலிருந்து குதிரைவண்டியில் போக வேண்டியிருந்தது. உள்ளே உட்காரச் சீட்டு இருந்தும், வண்டிப் பொறுப்பாளரான வெள்ளையர் அவரை வெளியே, வண்டிக்காரன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். இது அநீதி என்று காந்தியடிகளுக்குத் தெரியும். ஆனாலும் அங்கே சண்டையிட்டால் வண்டி போய்விடும், ஒரு நாள் வீணாகும் என்று எண்ணி அவமானத்தை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு அதே மனிதர் அவரைத் தம் காலடியில், அழுக்குச் சாக்கின்மேல் உட்காரச் சொன்னார். இதற்குக் காந்தியடிகள் இணங்கவில்லை. அடிமேல் அடி விழுந்தது. வண்டியின் பித்தளைக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டார். திருப்பி ஏசவும் இல்லை, அடிக்கவும் இல்லை. கடைசியில் உள்ளே இருந்த பயணிகளே இரங்கித் தலையிட்டார்கள்.

முதல் அவமானத்தை விழுங்கினார், இரண்டாவதை விழுங்கவில்லை. எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்று அந்த நேரத்திலும் அவரால் எண்ணிப் பார்க்க முடிந்தது. கோபம் கண்ணை மறைத்திருந்தால் இந்த வேறுபாடு தெரிந்திருக்காது.

பிரிட்டோரியா நகரில் ஒருநாள் நடைபாதையில் சென்றுகொண்டிருந்தபோது, காவல்காரர் ஒருவர் முன்னறிவிப்பு ஏதுமின்றி அவரைத் தள்ளி உதைத்துத் தெருவில் இறக்கினார். அவ்வழியே வந்த கோட்ஸ் என்ற கிறிஸ்தவ நண்பர், வழக்குத் தொடுத்தால் தாம் சாட்சி சொல்வதாகக் கூறினார். தமக்கு நேர்ந்த தனிப்பட்ட குறைக்காக நீதிமன்றம் போவதில்லை என்று முடிவு செய்திருந்த காந்தியடிகள் அதை மறுத்துவிட்டார். காவல்காரர் மன்னிப்புக் கேட்பதற்கு முன்பே அவரை மன்னித்தும் இருந்தார்.

அப்படியானால் அநீதியைக் கண்டு சும்மா இருப்பதுதான் பொறுமையா? இல்லை. சில மாதங்களில், பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி அவரிடம் வந்தார். கந்தல் உடை, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயிலிருந்து இரத்தம் ஒழுகியது. ஒப்பந்தக் கூலியாக வேலை செய்த இடத்தில் எஜமானர் அடித்த அடி அது. தமக்கு விழுந்த உதைக்காக வழக்குப் போடாத காந்தியடிகள், இந்த ஏழைக்காக உடனே எழுந்தார். மருத்துவரிடம் சான்று பெற்று, நீதிபதியிடம் அழைத்துச் சென்று, வேறு ஒரு நல்ல எஜமானரிடம் அவரை மாற்றிவிட்டார். அப்போதும் அடித்தவரைச் சிறைக்கு அனுப்புவது அவர் நோக்கமாக இல்லை. அடிபட்டவரை விடுவிப்பதே நோக்கம். தமக்கென்றால் பொறுத்தார், பிறருக்கென்றால் செயல்பட்டார். நாமோ நமக்கென்றால் கொதிக்கிறோம், அடுத்தவருக்கென்றால் பேசாமல் போய்விடுகிறோம்.

1897 ஜனவரி 13ஆம் நாள் டர்பன் துறைமுகத்தில் இறங்கியபோது வெள்ளையர் கூட்டம் ஒன்று அவரைக் கல்லாலும் அழுகிய முட்டையாலும் தாக்கியது. காவல்துறை அதிகாரி அலெக்சாந்தரின் மனைவி தம் குடையை விரித்து நடுவே நின்று அவரைக் காப்பாற்றினார். தாக்கியவர்கள்மீது வழக்குத் தொடுக்க அரசாங்கமே முன்வந்தும் காந்தியடிகள் வேண்டாம் என்றார்.

முடியும் கழுத்துப்பட்டையும்

இவை பெரிய நிகழ்ச்சிகள். நம் வீட்டுத் தொல்லைகளைப் போன்ற சிறிய நிகழ்ச்சிகள் இரண்டு அவர் வரலாற்றில் உண்டு. எங்களுக்கு மிகவும் பிடித்தவையும் இவைதான்.

தென்னாப்பிரிக்காவில் வெளுப்புக் கூலி அதிகம். துணி குறித்த நாளில் வருவதும் இல்லை. இரண்டு மூன்று டஜன் சட்டைகளும் கழுத்துப்பட்டைகளும் இருந்தும் போதவில்லை. காந்தியடிகள் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. துணி வெளுப்பது பற்றிய புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்து, தாமே வெளுக்கக் கற்றார், மனைவிக்கும் கற்றுக்கொடுத்தார். முதன்முதலாகக் கழுத்துப்பட்டைக்குக் கஞ்சி போட்டபோது கஞ்சி அதிகமாகிவிட்டது. இஸ்திரிப் பெட்டியின் சூடும் போதவில்லை. அதை அணிந்துகொண்டு நீதிமன்றம் போனால், பட்டையிலிருந்து கஞ்சி உதிர்ந்துகொண்டே இருந்தது. உடனிருந்த வழக்கறிஞர்கள் சிரித்தார்கள். காந்தியடிகள் முகம் சுளிக்கவில்லை. இது தம்முடைய முதல் முயற்சி என்றும், உங்களுக்கு இவ்வளவு சிரிப்பைத் தந்ததே ஒரு லாபம் என்றும் சொல்லித் தாமும் மகிழ்ந்தார். துணியோடு பிழைக்கும் நம் திருப்பூர்ச் சீமையில் இதைப் படிக்கும்போது, காலையில் தேய்க்காத சீருடைக்காக நாம் போட்ட கூச்சல் நினைவுக்கு வருகிறது. தேய்ப்புப் பெட்டி நம் வீட்டிலும்தான் இருந்தது. நமக்கும் இரண்டு கைகள் இருந்தன.

மற்றொன்று பிரிட்டோரியாவில் நடந்தது. ஓர் ஆங்கிலேய முடிதிருத்துநர், நிறத்தைக் காரணம் காட்டி அவருக்கு முடி வெட்ட மறுத்துவிட்டார். காந்தியடிகளுக்கு மனம் நொந்தது. நேரே போய்க் கத்தரி ஒன்று வாங்கி, கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஒருவாறு சரியாக வந்தது; பின்பக்கம் கெட்டுப்போயிற்று. தலைமுடியை எலி கடித்துவிட்டதா என்று நீதிமன்ற நண்பர்கள் கேலி செய்தார்கள்.

அந்த முடிதிருத்துநர்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. ஏன் தெரியுமா? நம் நாட்டிலும் தாழ்த்தப்பட்ட சகோதரர்களுக்கு முடி வெட்ட நம் முடிதிருத்துநரை நாம் விடுவதில்லையே என்று அவர் நினைத்துப் பார்த்தார். நாம் அங்கே செய்வதன் பலனை நான் இங்கே அனுபவிக்கிறேன் என்று எண்ணினார். இந்த எண்ணமே தம்மைக் கோபத்திலிருந்து காப்பாற்றியது என்று அவரே எழுதியிருக்கிறார். பிறர் செய்த குற்றத்தைக் கண்டவுடன், அதே குற்றம் நம்மிடம் இருக்கிறதா என்று தேடுவது: காந்தியடிகளின் பொறுமைக்கு இரகசியம் இதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

வாசற்கதவு

இவ்வளவு பழகிய பிறகும் அவர் தோற்றதுண்டு. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

1898ஆம் ஆண்டு டர்பனில் அவர் வீட்டில் அலுவலக எழுத்தர்களும் தங்கியிருந்தனர். அறைகளில் கழிவுநீர் போக வழியில்லாததால் மலசலப் பாத்திரங்கள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தாமும் கஸ்தூரிபாய் அம்மையாரும் சுத்தம் செய்வது என்பது காந்தியடிகளின் ஏற்பாடு. புதிதாக வந்த எழுத்தர் ஒருவர், பஞ்சமர் என்று அக்காலத்தில் ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய பாத்திரத்தைத் தூக்க, அன்றைய வழக்கத்தில் வளர்ந்த அம்மையாருக்கு மனம் ஒப்பவில்லை. கண் சிவந்து, கன்னத்தில் நீர் வழிய, பாத்திரத்தைக் கையில் ஏந்திப் படி இறங்கினார்.

அவர் அதைச் செய்தால் மட்டும் போதாது, முகமலர்ச்சியோடு செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தார் கணவர். குரலை உயர்த்தினார். அம்மையாரும் பதில் சொன்னார். சினத்தில் தம்மை மறந்த காந்தியடிகள், மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், வெளியே தள்ளுவதற்காக வாசற்கதவைத் திறந்தார். அம்மையார் அழுதார். தாய் தந்தையர் இல்லாத இந்த நாட்டில் நான் எங்கே போவேன், உங்களுக்கு வெட்கமில்லையா, கதவைச் சாத்துங்கள், யாராவது பார்க்கப் போகிறார்கள் என்ற பொருளில் பேசினார். காந்தியடிகள் வெட்கித் தலைகுனிந்து கதவைச் சாத்தினார்.

இந்தப் பகுதியைப் படித்தபோது எங்களுக்கு முதலில் காந்தியடிகள்மேல் வருத்தமே ஏற்பட்டது. பிறகு யோசித்துப் பார்த்தோம். அவர் கொண்ட கொள்கை உயர்ந்தது. எல்லா மனிதரும் சமம் என்பதற்காகத்தான் அவர் வாதாடினார். ஆனால் நல்ல கொள்கைக்காக வந்த கோபமும் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுக்க வைத்தது. நம் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதால் நம் கோபமும் நியாயம் ஆகிவிடாது. திறந்த கதவை அவர் சாத்தினாரே, அந்த இடத்தில்தான் அவர் பெரியவராகிறார். அகிம்சையைத் தம் மனைவியிடமிருந்தே கற்றதாகப் பிற்காலத்தில் அவர் கூறியதன் பொருள் இதிலிருந்து விளங்குகிறது.

1910ஆம் ஆண்டு ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. அங்கே தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தனர். காந்தியடிகளே ஆசிரியராகவும் இருந்தார். மாணவர்களை அடிக்கும் வழக்கமே அவருக்கு இல்லை. ஒருநாள் முரட்டு மாணவன் ஒருவன் எவ்வளவு சொல்லியும் கேட்காததால், பொறுமை இழந்து பக்கத்தில் கிடந்த அளவுகோலை எடுத்து அவன் கையில் ஓர் அடி அடித்துவிட்டார். அடிக்கும்போது அவர் உடலே நடுங்கியது. பதினேழு வயது வலிய இளைஞனான அவன், அடியின் வலியால் அன்றி ஆசிரியர் படும் வேதனையைக் கண்டு அழுது மன்னிப்புக் கேட்டான். ஆனால் அந்த அடி தம் கோபத்தின் வெளிப்பாடே என்று எண்ணி, அதற்காகக் காந்தியடிகள் கடைசிவரை வருந்தினார்.

மௌனம் என்னும் மருந்து

1915இல் தாய்நாடு திரும்பினார். நாட்டின் விடுதலைப் போராட்டம் முழுவதும் அவர் தோள்மேல் ஏறியது. நாள்தோறும் நூற்றுக்கணக்கான கடிதங்கள், பார்வையாளர்கள், வாதங்கள். இத்தனைக்கும் நடுவே வாரந்தோறும் திங்கட்கிழமை மௌன விரதம் இருந்தார். அவசரமென்றால் தாளில் எழுதிக் காட்டுவார். ஓய்வுக்காகத் தொடங்கிய அந்த மௌனம், அளந்து பேசும் பழக்கத்தையும் அவருக்குத் தந்தது.

கதர் இயக்கத்தின் மூலம் அவர் பெயர் நம் பகுதியின் ஒவ்வொரு நெசவாளர் வீட்டிலும் நுழைந்தது. திருப்பூர் தமிழ்நாட்டுக் கதருக்கே தலைமை இடமாக விளங்கியது. காந்தியடிகளும் திருப்பூருக்கு வந்திருக்கிறார். அவர் காட்டிய வழியில் நின்றுதான், 1932 ஜனவரியில் திருப்பூர்த் தெருவில் தடியடி பட்டபோதும் கொடியை விடாமல், திருப்பி அடிக்காமல் உயிர் நீத்தார் சென்னிமலையில் பிறந்த குமரன்.

1944 பிப்ரவரி 22ஆம் நாள் புனாவில் காவலில் இருந்தபோது கஸ்தூரிபாய் அம்மையார் காந்தியடிகளின் மடியில் தலை வைத்து இறந்தார். 1948 ஜனவரி 20ஆம் நாள் டில்லியில் பிரார்த்தனைக் கூட்டத்தின் அருகே குண்டு வெடித்தது. காந்தியடிகள் கலங்காமல் மக்களை அமர்த்திப் பிரார்த்தனையைத் தொடர்ந்தார். குண்டு வைத்த இளைஞரை வெறுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

பத்து நாள் கழித்து, ஜனவரி 30ஆம் நாள், பிரார்த்தனைக்குச் சுமார் 10 நிமிடம் தாமதமாகிவிட்டது. நேரம் தவறுவது அவருக்குச் சிறிதும் பிடிக்காது. அதைச் சொன்னாலும், தாங்கி வந்த இரு பெண்களோடு வேடிக்கையாகப் பேசிக்கொண்டேதான் நடந்தார். கைகூப்பியபடி அவர் சென்றபோது குண்டுகள் பாய்ந்தன. அவர் பேசிய கடைசிப் பேச்சுகளில் ஒன்று, ஓர் எரிச்சலைச் சிரிப்பாக மாற்றிய பேச்சு.

நாம் செய்யக்கூடியது

திருவள்ளுவர் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வெகுளாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். பரீட்சைக்காக அவற்றை மனப்பாடம் செய்கிறோம். ஆனால் உண்மையான பரீட்சை குழாயடியிலும் பேருந்து நிறுத்தத்திலும் அடுப்பங்கரையிலும் அல்லவா நடக்கிறது!

படுக்கைக்குப் போகுமுன் ஆத்தும சோதனை செய்யும்படி சிஸ்டர்கள் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். காந்தியடிகள் செய்ததும் ஒரு வகையில் அதுவே. கோபம் வந்தவுடன் அவர் கேட்டுக்கொண்ட கேள்விகளை நாமும் கேட்டுப் பார்ப்போம். இது விட்டுவிடக் கூடியதா, விடக்கூடாததா? இதே குற்றம் என்னிடமும் இல்லையா? இதை நானே செய்துகொள்ள முடியாதா? கேட்பதற்குள் பாதிக் கோபம் போய்விடும். மீதிக் கோபம் வாயிலிருந்து வெளிவந்துவிட்டால், கதவைச் சாத்திய அவரைப்போல நாமும் உடனே திரும்பிவிடுவோம்.

நாங்கள் ஒன்று முடிவு செய்திருக்கிறோம். இனி எங்கள் சீருடையை நாங்களே தேய்த்துக்கொள்வோம். கஞ்சி உதிர்ந்தால் தோழியர் சிரிக்கட்டும். நாங்களும் சேர்ந்து சிரிப்போம். தேய்த்து முடித்த கையோடு, அம்மாவின் சேலை ஒன்றையும் தேய்த்து மடித்து அதே நாற்காலியின் மேல் வைப்போம்.